தர்சோ செய்த இரட்டைத் தாழ்

எங்கள் ஊர் சும்பர்வூனியிலும் சுற்றியுள்ள பதினோரு ஊர்களிலும் பிங்பாங் மேஜையை விரிக்க மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் கைப்பிடியை அழுத்த, ஒருவர் தள்ளி நின்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ண. சோலோ நகரத்திலிருந்து விளையாட வருகிறவர்கள் இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஊர் மேஜையில் எத்தனை விரல் நசுங்கியிருக்கிறது என்று அவர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் ஊரில் ஒருத்தியின் இரண்டு விரல்தான். அதுவும் இந்தத் தாழ் வருவதற்கு முன்னால்.

தாழைச் செய்தவன் தர்சோ. நசுங்கிய விரல்கள் அவன் மனைவி சுமினியுடையவை.

தர்சோ பிறந்ததே இரும்பு உலைத் தெருவில்தான். அப்பா உலையில் மண் அச்சுப் பிடித்தார். பதினாறு வயதில் மகனும் போய்ச் சேர்ந்தான். பதினோரு வருஷம் சாக்கடை மூடி வார்த்தான். லாரி ஏறினாலும் மூடி அசையக் கூடாது. அத்தனை வருஷத்தில் அவன் மண்டையில் ஏறிய பாடம் அது ஒன்றுதான். பிறகு சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டபோது கேட், ஜன்னல் கம்பி, துணி காயப்போடும் ஸ்டாண்டு என்று எதைக் கேட்டாலும் சாக்கடை மூடியாகவே செய்து கொடுத்தான். ஊர்த்தலைவர் ஹர்தோனோ வீட்டு கேட்டைத் திறக்க அவரும் அவர் மனைவியும் சேர்ந்து தள்ள வேண்டும். "நல்ல கேட்டுதான். திருடன் வந்தா நம்மள நெனச்சுப் பரிதாபப்பட்டுட்டுப் போயிருவான்" என்பார் தலைவர். வெள்ளம் வந்த வருஷம் ஒரு வீட்டின் பின்சுவரே போய்விட்டது. தர்சோ செய்த துணி ஸ்டாண்டு மட்டும் நனைந்த துணியோடு அதே இடத்தில் நின்றது.

அதிகம் பேச மாட்டான். பேசினால் கத்துவான். கோபமெல்லாம் இல்லை. நாள் முழுக்க க்ரைண்டர் பக்கத்தில் நிற்பவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, அவ்வளவுதான். நல்ல மனிதன். ஒரே ஒரு கோளாறு. தான் செய்த பொருள் தப்புப் பண்ணாது என்று நம்பினான். தன் கை தப்புப் பண்ணவே பண்ணாது என்று அதைவிட அதிகமாக நம்பினான்.

சுமினியை அவன் பார்த்தது ஒரு ஆகஸ்ட் மாதச் சுதந்திர தினப் போட்டியில். பிங்பாங் மட்டையைப் பேனா பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு ஆடுவாள். தர்சோவை இருபத்தொன்றுக்கு ஒன்பது என்று ஊர் பார்க்கத் தோற்கடித்தாள். அவனுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் பெண் கேட்டுப் போனான். "தோத்த பையன் வந்து கேக்குறான், என்ன சொல்லட்டும்?" என்று அவள் அப்பா உள்ளே வந்து கேட்டார். "தோத்துட்டு மட்டையத் தூக்கி எறியல இல்ல? சரின்னு சொல்லுங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் வியாழக்கிழமை தவறாமல் ஊர்க்கூடத்தில் அவளிடம் தோற்றான். அவனுக்கு அது பிடித்திருந்தது. ஒரே மகள் பெரியவளாகி, பாத்தாம் தீவுக்கு ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை மட்டும் நிற்கவில்லை.

சுமினிக்கு இன்னொரு திறமையும் உண்டு. குறை சொல்வது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டோம். கொதிக்கிற டீயைக் காலில் கொட்டினாலும் "டீ நல்ல வாசனை" என்போம். "அந்த மரியாதையெல்லாம் அசலாருக்கு. புருஷனுக்கு எதுக்கு?" என்பாள் அவள். டீயில் சர்க்கரை அதிகம், கதவெல்லாம் கரிக் கை, குறட்டையில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிடுவதில்லை என்று காலையில் ஆரம்பித்தால், அவன் பட்டறைக்குப் போகும்வரை பின்னாலேயே வரும். தர்சோ சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவான். "செருப்பு வலதும் இடதும் மாறியிருக்கு" என்று அதற்கும் ஒன்று வரும்.

இப்போது மேஜைக்கு வருகிறேன்.

எங்கள் கூடம் ஒன்றுதான். அதிலேயே தொழுகைக்குப் பிந்திய விருந்து, அதிலேயே குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, அதிலேயே பிங்பாங். அதனால் மேஜையின் இரண்டு பாதிகளையும் செங்குத்தாக நிமிர்த்திச் சுவரோரம் உருட்டி வைக்க வேண்டும். பழைய மேஜையைக் கரையான் தின்று முடித்தபிறகு தர்சோ புதிது செய்து கொடுத்தான். இரும்புச் சட்டம், தடிப் பலகை. ஒரு பாதி ஒரு கன்றுக்குட்டி கனம். நிமிர்த்திய பலகை சாயாமல் இருக்க இரண்டு முனையிலும் ஒவ்வொரு இரும்புப் பின். விரிக்கும்போது ஆளுக்கொரு பின்னை உருவிவிட்டு, பலகையைப் பிடித்து மெதுவாகப் படுக்க வைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் எந்தக் காரியமும் "மொங்கோ" சொல்லாமல் தொடங்காது. நீங்க முதல்ல என்று அர்த்தம். சொன்னால் போதாது. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்வரை நிற்க வேண்டும், அதுதான் முறை. வாசலில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் மாற்றி மாற்றி மொங்கோ சொல்லி இரண்டு பேரும் மழையில் நனைவோம். நனைந்தாலும் முறை தவற மாட்டோம்.

நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை, எடை பார்க்கும் கூட்டம் கலைந்த பிறகு, தர்சோவும் சுமினியும் மேஜையை விரிக்கப் போனார்கள். ஆட்டம் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சுமினி தன் பக்கத்துப் பின்னை உருவினாள். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே எடைத் தூளியின் கயிறு ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுக்க வலது கையை உள்ளே விட்டாள். பலகை விழுந்தது. நடுவிரலும் மோதிர விரலும்.

கிளாத்தென் ஆஸ்பத்திரியில் விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் வளைந்தது வளைந்ததுதான், நிமிரவில்லை. எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம் தர்சோ ஒரே பதில் சொன்னான். "பின்னு தேஞ்சிருந்துச்சு. தானா நழுவிருச்சு." கேட்காதவர்களிடமும் சொன்னான். பக்கத்து வீட்டு யாத்மிதான் கூடத்தைப் பெருக்குகிறவள். "மேஜை வந்து ரெண்டு வருஷம்தானே ஆச்சு, அதுக்குள்ளயா இரும்பு தேயும்?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். "மட்டமான இரும்பு" என்றான். ஒரு நாளும் மட்டமான இரும்பைத் தொடாதவன் அப்படிச் சொன்னதை ஊரே கேட்டுக்கொண்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் சொல்ல மாட்டோம்.

சுமினியும் ஒன்றும் சொல்லவில்லை. அவனைப் பார்த்து ஒரு வார்த்தை, ஒரு முனகல்? கிடையாது. "பரவாயில்லைங்க" என்றாள், அவ்வளவுதான். சமைத்தாள், யாத்மியோடு சிரித்தாள், மகளோடு போனில் பேசினாள். ஆனால் அன்றோடு அவனைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். டீயில் சர்க்கரை அதிகமானால் பேசாமல் குடித்தாள். கதவுக் கரியை ஈரத்துணியால் பேசாமல் துடைத்தாள். டிசம்பரில் ஒரு நாள் தர்சோ வேண்டுமென்றே கரிக் கையை வெள்ளைச் சுவரில் அழுத்தி வைத்துவிட்டு நின்று பார்த்தான். அவள் துணி எடுத்துவந்து துடைத்தாள். "தண்ணி வேணுமாங்க?" என்று வெகு மரியாதையாகக் கேட்டாள். அசலாரிடம் பேசுகிற மரியாதை. இருபத்தாறு வருஷத்தில் அவன் பயந்தது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமைகளில் அவள் கூடத்துக்கு வரவில்லை. இடது கையால் துணி தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். அவள் ஒருமுறை வந்து, அந்த மேஜையில் ஒருமுறை கை வைத்தால் போதும். தர்சோவுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அதை எப்படிக் கேட்பது என்று தெரியாததால் பட்டறைக்குப் போனான்.

முதலில் ஸ்பிரிங் வைத்துப் பார்த்தான். ஸ்பிரிங் பறந்து கூரை ஓட்டைத் துளைத்தது. பிறகு சங்கிலி. சங்கிலி தாங்கியது, சங்கிலியிலேயே கை சிக்கும் போலிருந்தது. விரலுக்குப் பதிலாக வாழைத்தண்டை உள்ளே வைத்துப் பலகையை விட்டுப் பார்ப்பான். தண்டு இரண்டு துண்டாகும். அன்றைக்கு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவான். அந்தத் துண்டுகளைத் தின்று ஐந்து மாதத்தில் யாத்மியின் ஆடு பெருத்தது. கேட்டுக்கும் ஜன்னலுக்கும் வந்தவர்கள் காத்திருந்து காத்திருந்து வேறு பட்டறைக்குப் போனார்கள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கடைசியில் வந்தது இதுதான். இரண்டு முனையிலும் அரைவட்டமாக ஒரு இரும்புத் தகடு. அதில் நாலு விரல் இடைவெளிக்கு ஒரு பல். பலகையில் ஒரு கொக்கி, தன் கனத்திலேயே பல்லில் போய் விழும். கொக்கியைத் தூக்க இரண்டு முனையிலும் ஒவ்வொரு கைப்பிடி. இரண்டையும் ஒரு கம்பி இணைத்திருக்கும். ஒரு கைப்பிடியை மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பலகை இறங்கும். இறங்கும்போது யாராவது ஒருவர் கையை எடுத்துவிட்டாலும் அடுத்த பல்லில் கப்பென்று நின்றுவிடும்.

வாழைத்தண்டு கீறல்கூட இல்லாமல் முழுசாக வந்தது. அதைத் தட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் சுமினிக்குக் காட்டினான்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

"ஒண்ணுமே ஆகல பாரு."

"ஆமாங்க. நல்லா இருக்கு."

அப்புறம் அந்தத் தண்டைப் பொடியாக அரிந்து குழம்பில் போட்டாள். தர்சோ சாப்பிட்டான். ருசி தெரியவில்லை.

விஷயம் தலைவர் ஹர்தோனோ காதுக்குப் போனது. பன்னிரண்டு ஊர்க் கூடங்களுக்கும் இதே மாதிரி மேஜை, ஆகஸ்ட் போட்டிக்கு முன்னால் செய்யவேண்டும் என்று அவருக்கு உற்சாகம் பிறந்தது. வட்டார விளையாட்டு அதிகாரி பக்யோ வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். ஜூலைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள். அன்று காலை தர்சோ சட்டையை மாட்டிக்கொண்டே, "நீயும் வர்றியா?" என்று கேட்டான். கத்தாமல் கேட்க முயற்சி பண்ணினான், பாதித் தெருவுக்குத்தான் கேட்டது.

"வர்றேங்க" என்றாள்.

கூடம் நிறைந்திருந்தது. மேஜையின் ஒரு பாதி விரித்து வைத்திருந்தது. தாழ் போட்ட பாதி நடுவில் செங்குத்தாக நின்றது. சுமினி கதவோரம் நின்றாள், வலது கை தோளில் போட்ட துண்டுக்குள் இருந்தது. தர்சோ இரண்டே வாக்கியத்தில் விளக்கம் சொன்னான். "ரெண்டு பேரும் சேந்து அழுத்தணும். ஒருத்தர் விட்டா நின்னுக்கும்." தலைவர் இடப்பக்கக் கைப்பிடியிலும் அதிகாரி வலப்பக்கக் கைப்பிடியிலும் கை வைத்தார்கள்.

"மொங்கோ, அதிகாரி ஐயா" என்றார் தலைவர்.

"ஐயையோ, உங்க ஊரு, உங்க மேஜை. மொங்கோ, நீங்க."

"விருந்தாளிய வச்சுக்கிட்டு நான் முந்துறதா? மொங்கோ."

"வயசுல பெரியவரு நீங்க."

"பதவியில பெரியவரு நீங்க."

"பதவி என்ன ஐயா, இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும். மொங்கோ."

"போகாது, போகாது. நல்லா இருப்பீங்க. மொங்கோ."

இப்படியே போயிற்று. இரண்டு பேர் கையும் கைப்பிடி மேல் பட்டும் படாமலும் இருந்தன. அவர் அழுத்தட்டும் என்று இவரும், இவர் அழுத்தட்டும் என்று அவரும் புன்னகையோடு நின்றார்கள். வாசலில் கட்டியிருந்த ஆடு இரண்டு முறை கத்தியது. பின்னாலிருந்து ஒருவர் மெதுவாக, "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அழுத்தணுமாம்" என்று நினைவுபடுத்தினார்.

"தெரியுது. அதுக்குத்தான் அவருக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார் தலைவர்.

"நானும் அவருக்காகத்தான்" என்றார் அதிகாரி.

மேஜை அசையவில்லை. ஆளை மாற்றினார்கள். ரிட்டயர்டு வாத்தியாரும் பள்ளிவாசல் பெரியவரும் வந்தார்கள். அவர்கள் கைப்பிடியைத் தொடுவதற்கே, முன்னால் வந்ததற்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. பிறகு ஒருவரிடம் ஒருவர் கேட்டார்கள். யாத்மிக்குப் பொறுக்கவில்லை. "மரியாதை தெரியாத ரெண்டு பேராப் பாத்துக் கூப்பிடுங்களேன்!" என்று கத்தினாள். கூப்பிட்டுப் பார்த்தார்கள். யாரும் முன்வரவில்லை.

அப்புறம் தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நகத்னோவும் பாயிடியும் மச்சான் மைத்துனன். வேலிக்கு மேலே நீட்டிய ஒரு ரம்புத்தான் கிளைக்காக மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்களுக்குள் மொங்கோ வராதே! இரண்டு பேரையும் பிடித்து நிறுத்தினார்கள். மொங்கோ வரவில்லைதான். ஆனால் தான் முதலில் அழுத்தினால் இறங்கிப் போனதாக ஆகிவிடுமே என்று நகத்னோ நினைத்தான். பாயிடியும் அதையேதான் நினைத்தான். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை விலக்கி அழைத்துவருவதே தனி வேலையாகிவிட்டது.

"செஞ்சவரே வரட்டும்" என்றார் அதிகாரி. "நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்."

தர்சோ போய் இடப்பக்கக் கைப்பிடியைப் பிடித்தான். மாதக்கணக்கில் அதோடு குடித்தனம் நடத்தியவன். எத்தனையோ முறை அந்தப் பக்கத்துக் கைப்பிடியில் இரும்புக் கட்டியைத் தொங்கவிட்டு ஒற்றையாளாக இறக்கியிருக்கிறான். இரும்புக் கட்டிக்கு மரியாதை தேவைப்படவில்லை. இன்று எதிரே ஒரு அதிகாரி. அவனும் சும்பர்வூனிக்காரன்தானே, வாய் தானாகத் திறந்தது.

"மொங்கோ, ஐயா" என்றான்.

சொன்ன மாத்திரத்தில் கதவோரம் பார்த்தான். சுமினி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தர்சோவும் தன் கையைப் பார்த்தான். அழுத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அதிகாரி பெருந்தன்மையாகப் பேனாவை எடுத்தார். பாதுகாப்பு: மிக நன்று. விரித்தல்: பின்னர் பரிசீலிக்கப்படும். "இவ்வளவு பத்திரமான மேஜைய நான் பாத்ததே இல்ல. இதுல யாருக்கும் அடிபட வாய்ப்பே இல்ல" என்று மனப்பூர்வமாகப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பலகாரப் பெட்டி கொடுக்கிறார்கள் என்றதும் கூடம் காலியாகித் தாழ்வாரம் நிறைந்தது.

தர்சோ அதே இடத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். பன்னிரண்டு ஊர் மேஜை போனதைப் பற்றி அவனுக்கு ஒன்றுமில்லை. அவள் பார்க்க வந்தாளே, அவள் கண்ணெதிரே இது திறக்கவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க."

சுமினி வலப்பக்கக் கைப்பிடிக்கு அருகில் வந்து நின்றிருந்தாள்.

"இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன்."

வேறு வார்த்தை வரவில்லை. "மொங்கோ" என்றான்.

"அந்த வார்த்தை வேண்டாம். அன்னிக்கும் அதத்தான் சொன்னீங்க. சொல்லிட்டு, நான் 'ம்'னு சொல்றதுக்குள்ள உருவிட்டீங்க."

"பின்னு..." என்றான் தர்சோ.

"பின்னு என் ஊசி டப்பாவுல இருக்கு. கூடத்தப் பெருக்கும்போது கெடச்சுதுன்னு யாத்மி கொண்டுவந்து குடுத்தா. தேயவும் இல்ல, வளையவும் இல்ல. நீங்க செஞ்ச பின்னு எங்க தேயப் போவுது?"

தர்சோ மேஜையைப் பார்த்தான். எட்டு மாதமாக அந்தப் பின்னை அவன் மனசுக்குள் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தான். தேய்ந்த பின் என்று அவனே நம்புகிற அளவுக்கு வந்திருந்தான்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள் சுமினி. "எட்டு மாசமா இருந்தேன்."

"நான்தான் உருவினேன், சுமி" என்றான் தர்சோ. "நீ கைய எடுத்தியான்னு பாக்கல. ஆளு வர்றாங்க, சீக்கிரம் விரிக்கணும்னு உருவிட்டேன். மொங்கோ சொன்னேன், நிக்கல. அப்புறம் பின்னு மேல பழியப் போட்டேன். ஊரெல்லாம் போயிப் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிரு."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தான். க்ரைண்டர் தொண்டை, தாழ்வாரத்தில் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அங்கே மெல்லுகிற சத்தம் நின்றது. தலைவர் தன் கையிலிருந்த அரிசிக் கொழுக்கட்டையின் வாழையிலையைக் கவனமாக ஆராய்ந்தார். அதிகாரி தன் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார், அது ஒற்றைத் தாள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் கேட்கவில்லை என்றுதான் சொல்வோம்.

தர்சோ காத்திருந்தான். இந்த முறை காத்திருந்தான். அவள் துண்டை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, வளைந்த விரல்களோடு வலது கையைக் கைப்பிடியில் வைத்தாள்.

"ம்" என்றாள். "எண்ணுங்க."

"ஒண்ணு" என்றான் தர்சோ. அதற்கு மேல் வரவில்லை.

தாழ்வாரத்திலிருந்து யாத்மி வாயில் பலகாரத்தோடு எட்டிப் பார்த்தாள். "அட ஆண்டவனே, ஒரு மூணு வரைக்கும் எண்ண ஆளில்லையா இந்த ஊருல? ஒண்ணு! ரெண்டு! மூணு!"

இரண்டு கைப்பிடிகளும் ஒன்றாக அழுந்தின. பலகை சாய்ந்தது. டக். டக். பாதி வழியில் சுமினி சட்டென்று கையை எடுத்தாள். கொக்கி பல்லில் விழுந்து பலகை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவள் குனிந்து சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே அதே இடத்தில் வலது கையை விட்டாள்.

"சுமி, எடுத்துரு" என்று சொல்லத் தர்சோவுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. அவன் செய்த தாழ்தான், லாரி ஏறினாலும் தாங்கும். தெரிந்தும் அவன் கண் அவள் விரல்களை விட்டு நகரவில்லை. அவள் அவசரப்படவில்லை. கையை உள்ளேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். யாத்மி எண்ணவில்லை, யாருமே எண்ணவில்லை. பிறகு சுமினி கையை எடுத்து மறுபடியும் கைப்பிடியில் வைத்தாள். யாத்மி மறுபடி மூன்று எண்ணினாள். மேஜை முழுசாகப் படுத்தது.

தாழ்வாரத்தில் கை தட்டலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி தாளில் "பின்னர் பரிசீலிக்கப்படும்" என்பதை அடித்துவிட்டு, "எண்ணுவதற்கு ஒருவர் தேவை" என்று எழுதினார்.

சுமினி அலமாரியிலிருந்து ஒரு பந்தை எடுத்துவந்து மேஜையின் நடுவில் வைத்தாள். பந்து கொஞ்சம் யோசித்தது. பிறகு இடது மூலையை நோக்கி உருண்டு போய்த் தரையில் விழுந்தது.

"சாயுது" என்றாள்.

தர்சோ தலையைத் தூக்கினான்.

"இடது காலு ஒசரம் கம்மி. எட்டு மாசமா என்னத்தப் பாத்தீங்க? ஊரெல்லாம் வந்து நிக்குது, காலு சமமா இருக்கான்னு ஒரு பந்து வச்சுப் பாக்கத் தோணலையா?"

"இதோ, இதோ பாக்குறேன்" என்றான். ஸ்பேனர் பாக்கெட்டிலேயே இருந்தது. மேஜைக்கு அடியில் நுழைந்து மல்லாக்கப் படுத்தான்.

"வெள்ளச் சட்ட! தரையில படுக்குறீங்களே, யாரு தொவைக்கிறது? அந்தச் சுவத்துல கைய வச்சீங்களே டிசம்பர்ல, கறை இன்னும் போகல, தெரியுமா? காலையில டீய வாயில வைக்க முடியல, பாகு மாதிரி இருக்கு. போன மாசம் பொண்ணு போன் பண்ணப்ப நீங்க கத்துன கத்துல அவ போனையே வச்சுட்டா..."

மூன்று திருகு திருகினால் போதும் அந்த நட்டுக்கு. தர்சோ கால் கால் திருகாகத் திருகிக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டபடி படுத்திருந்தான்.